எந்த நமக்கு?

தமிழ்நாட்டில் ‘நான்’ என்ற சொல்லை வாயில் வைக்காமலேயே ஒரு முழுப் பணிக்காலத்தையும் ஓட்டியவர் ஒரே ஒருவர்தான். சந்தேகப்படுகிறவர்கள் ஆவுடையார்கோவிலிலிருந்து கட்டுமாவடிப் பக்கம் போகும்போது ஏதாவது ஒரு டீக்கடையில் இறங்கி, “நம்ம சிஸ்டர் தெரியுமா?” என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பிப்பார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்றும் அவருக்கு உண்டு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில், ஊர் வாயில் பிஹெச்சியில், அவர் ஸ்டாஃப் நர்ஸ். நான் மருந்தாளுநர். படித்துப் பட்டயம் வாங்கி அரசு ஆணையோடு வந்து உட்கார்ந்தும் ஜனங்களுக்கு நான் இன்றுவரை கம்பவுண்டர்தான். அந்த வருத்தம் தனி.

சிஸ்டருடைய அகராதியில் இருந்தவை ‘நாம’, ‘நம்ம’, ‘நமக்கு’ மட்டுமே. நோயாளிக்குத் தலைவலி என்றால் நமக்குத் தலைவலி. குழந்தைக்குப் பேதி என்றால் நமக்குப் பேதி. மருந்து வண்டி ஓட்டி வந்த டிரைவர் ஒருநாள் வராண்டாவில் நின்றபோது, சிஸ்டர் போனில் யாரிடமோ, “நமக்கு இது மூணாவதுங்க. மொத ரெண்டும் சுகப்பிரசவம். இப்ப அஞ்சு மாசம், அசைவு நல்லாத் தெரியுது” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது சிஸ்டருக்கு ஐம்பது தாண்டி நரையெல்லாம் வந்துவிட்டது. டிரைவர் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போனார். மறுவாரம் மாவட்ட மருந்துக் கிடங்கிலிருந்து எனக்கு மூன்று பேர் போன் செய்து விசாரித்தார்கள்.

குடித்துவிட்டு விழுந்து மண்டையை உடைத்துக்கொண்டு வந்தார் ஒருவர். சிஸ்டர் தையல் போட்டுக்கொண்டே, “ஏங்க, நாம பகல்லயே இப்படிக் குடிக்கலாமா?” என்று கேட்டார். அந்த மனிதர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, “நீங்க வந்தது ஞாபகம் இல்லையே சிஸ்டர். நான் மட்டுந்தான் குடிச்ச மாதிரி இருந்துச்சு” என்றார்.

‘நாங்க’ என்ற சொல்லைக் கேட்டால்தான் அவருக்கு ஆகாது. யாராவது கெட்ட வார்த்தை பேசினால்கூடக் காதில் வாங்காததுபோல் போய்விடுவார். ‘நாங்க’ என்று சொன்னால் நின்றுவிடுவார். “நாங்கன்னா கேக்குறவங்கள வெளிய நிப்பாட்டிக் கதவச் சாத்துற மாதிரியில்ல இருக்கு? நாமன்னு சொல்லுங்க. அவங்களும் உள்ள வரட்டும்” என்பார். நாமெல்லாம் ஆறாம் வகுப்பு இலக்கணத்தில் படித்து மறந்ததை அந்த அம்மாள் உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டிருந்தார்.

எங்கள் நிலையத்தில் இந்த வியாதிக்குத் தேவையும் இருந்தது. அங்கே இரண்டு கட்சி. டாக்டர், நர்ஸ், லேப், மருந்தகம் எல்லாம் உள் கட்சி. கிராமம் கிராமமாகச் சுற்றுகிற கிராம செவிலியர்களும் சுகாதார ஆய்வாளரும் வெளிக் கட்சி. சுகாதார ஆய்வாளரை எல்லோரும் எச்.ஐ. என்போம். மீசை பெரியது. கொசுப்புகை அடித்து அடித்துக் குரலும் புகை மாதிரியே கரகரவென்று வரும்.

சண்டை ஆரம்பித்தது ஒரு பிளெக்ஸில். எங்கள் நிலையத்துக்குத் தரச் சான்று கிடைத்தபோது எல்லோரும் வேப்பமரத்தடியில் நின்று போட்டோ எடுத்தோம். பிளெக்ஸாகி வாசலில் ஏறியபோது உள் கட்சி மட்டும் முழுசாக இருந்தது. இடது ஓரத்தில் நின்ற கிராம செவிலியர்களைக் காணோம். எச்.ஐ.யில் மிஞ்சியது ஒரு காதும் பாதி மீசையும். பிளெக்ஸ் கடைக்குப் போட்டோவைக் கொண்டுபோனது யார் என்பது பற்றிப் பல வதந்திகள் உண்டு. அதைப் பேச இங்கே இடமில்லை.

அன்றிலிருந்து இரண்டு டீ பிளாஸ்க், இரண்டு கடை. வாட்ஸப்பிலும் ‘பிஹெச்சி குடும்பம்’ என்று ஒரு குழு இருக்க, ‘பிஹெச்சி குடும்பம் ஒரிஜினல்’ என்று இன்னொன்று முளைத்தது. இரண்டிலும் இருந்த ஒரே ஆள் சிஸ்டர். காலையில் ஒரே ரோஜாப்பூவை இரண்டிலும் போடுவார்.

பிளாஸ்க்கோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நாள். வெளிக் கட்சி எல்லாக் கிராமத்திலிருந்தும் ஒரே நேரத்தில் ஆட்களைத் திரட்டி அனுப்பும். உள் கட்சி பன்னிரண்டு மணிக்கு டோக்கன் முடிந்தது என்று கையை விரிக்கும். வயிற்றைத் தள்ளிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்த பெண்கள் வராண்டாவில் உட்கார்ந்திருப்பார்கள். இந்தப் பக்கம், “நீங்க ஏன் மொத்தமா அனுப்புறீங்க?” அந்தப் பக்கம், “நீங்க ஏன் பாக்க மாட்டேங்கிறீங்க?”

நேரடியாகப் பேச்சு இல்லாததால் தூது சிஸ்டர்தான். அதில்தான் கெட்டது. எச்.ஐ. வராண்டாவில் நின்று எனக்குக் கேட்கும்படியே கத்துவார்.

“அந்தப் பார்மசிஸ்டுகிட்ட சொல்லுங்க சிஸ்டர். நாங்க ஒண்ணும் அவருக்கு வேலைக்காரங்க இல்ல!”

சிஸ்டர் நாலடி நடந்து என் ஜன்னலுக்கு வந்து, “நம்ம எச்.ஐ. சொல்றாருங்க. நாம யாருமே வேலைக்காரங்க இல்லையாம்” என்பார்.

அதற்கு என்ன பதில் சொல்வது? “சரிங்க, சந்தோஷம்” என்றுதான் சொல்ல முடியும். சிஸ்டர் திரும்பிப் போய், “நம்ம பார்மசிக்கு ரொம்ப சந்தோஷமாம்” என்பார். எச்.ஐ.க்கு மீசை துடிக்கும். இப்படி ஒருவரை வைத்துக்கொண்டு மனிதன் உருப்படியாக ஒரு சண்டை போட முடியுமா, சொல்லுங்கள்.

இந்த நிலவரத்தில்தான் புது டாக்டரம்மா வந்தார். கோயம்புத்தூர்ப் பெண். சின்ன வயது. சுறுசுறுப்பு. அவருக்கு முன்னால் அந்த நாற்காலி பல மாதம் காலியாகக் கிடந்தது. வேறு நிலையத்து டாக்டர் வாரத்தில் சில நாள் வந்து போவார். மற்ற நாளில் சாதாரணக் காய்ச்சலுக்கும் சனங்கள் அறந்தாங்கிக்கு பஸ் ஏறினார்கள். ஆகவே டாக்டரம்மா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த அன்று, உள் கட்சியும் வெளிக் கட்சியும் ஒரே சமயத்தில் எழுந்து நின்றோம். அதற்காக ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம்.

முதல் வாரத்திலேயே சிஸ்டர் மூச்சு வாங்க அவர் அறைக்குள் போய், “டாக்டர், நமக்கு நாய் கடிச்சிருச்சுங்க. கெண்டைக்கால்ல. நல்லாப் பதிஞ்சிருக்கு” என்றார்.

டாக்டரம்மா பதறி எழுந்து, சிஸ்டரைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, “சோப்பு கொண்டு வாங்க, தண்ணி கொண்டு வாங்க” என்று சத்தம் போட்டார். குனிந்து சேலைக் கரையை விலக்கவும் ஆரம்பித்துவிட்டார்.

“அய்யய்யோ, நமக்கில்லைங்க டாக்டர்!”

“பின்ன யாருக்கு?”

“நமக்குத்தாங்க!” என்று சிஸ்டர் வாசலைக் காட்டினார். அங்கே ஒரு பெரியவர் காலைத் தூக்கிக்கொண்டு, தனக்கு வரவேண்டிய சோப்பை வேறு யாருக்கோ போடுகிறார்களே என்ற கவலையோடு நின்றிருந்தார். அன்றிலிருந்து டாக்டரம்மா, சிஸ்டர் எது சொன்னாலும் முதலில், “எந்த நமக்கு?” என்று கேட்டுக்கொள்வார். நாங்களும் பிடித்துக்கொண்டோம். இரண்டு கட்சிக்கும் பொதுவாக இருந்தது அந்தக் கேலி ஒன்றுதான்.

டாக்டரம்மா வேலையில் கெட்டிக்காரர். ஆனால் எங்கள் சண்டையில் நொந்துபோனார். இரண்டு வாட்ஸப் குழுவிலும் அவரைச் சேர்த்தார்கள். இரண்டின் வாயையும் மியூட் போட்டு அடைத்து வைத்தார். மாதாந்திரக் கூட்டத்தில் இரண்டு பக்கமும் அவரிடம் புகார் சொல்ல, கடைசியில் ஒருநாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, “உங்க பிஹெச்சி, உங்க சண்டை. அடுத்த கலந்தாய்வுல நான் டிரான்ஸ்பர் கேட்கப் போறேனுங்க” என்றார்.

சிஸ்டர் மட்டும் மெதுவாக, “நம்ம பிஹெச்சிங்க டாக்டர்” என்றார்.

“இல்லைங்க சிஸ்டர். உங்களோடது.”

அந்த ‘உங்க’ சிஸ்டரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. அந்த டாக்டர் போய்விட்டால் நாற்காலி மறுபடி காலி, சனங்கள் மறுபடி அறந்தாங்கி பஸ்ஸில். சிஸ்டருக்கு அதுதான் பயம். அடுத்த நாளிலிருந்து டாக்டரம்மாவைத் தக்கவைக்கும் படையெடுப்பு தொடங்கியது. கட்டுமாவடியிலிருந்து வரும் நோயாளிகளிடம் சொல்லி வைத்து மீன் வாங்கி, குழம்பு வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். டாக்டரம்மா சைவம். அந்தக் குழம்பை உள் கட்சியும் வெளிக் கட்சியும் தனித்தனியாகச் சாப்பிட்டோம். பிறகு பிரசவமான பெண்களையெல்லாம் பிடித்து, “நமக்குப் பொறந்த பிள்ளைக்கு டாக்டர் பேர வைப்போமா?” என்று பிரசாரம் செய்தார். அதில் ஒரு ஆண்குழந்தையின் அப்பா கோபித்துக்கொண்டார். எதற்கும் டாக்டரம்மா அசையவில்லை. கலந்தாய்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை வராண்டா நிரம்பி வழிந்தது. எச்.ஐ. என் ஜன்னலில் நின்று, தூது அனுப்பக்கூடப் பொறுமையில்லாமல், நேராகவே என்னிடம் கத்திக்கொண்டிருந்தார். நானும் விடவில்லை. உள்ளே டாக்டரம்மா ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் கருவியை வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் அந்த அறை வாசலில் போய் நின்றார். “டாக்டர், நமக்கு நெஞ்சப் பிசையிற மாதிரி இருக்குங்க. எடது கையும் கடுக்குது.”

டாக்டரம்மா தலையைத் தூக்காமல், “படுக்க வச்சு ஈசிஜி எடுங்க சிஸ்டர். இதோ வந்துடறேன்” என்றார்.

“எடுத்துருவோங்க.”

எங்கள் நிலையத்தில் ஈசிஜி எடுக்கிறவர் சிஸ்டர்தான். படுக்க வேண்டியவரும் எடுக்க வேண்டியவரும் ஒரே ஆளாக இருந்தால் என்ன செய்வது? ஈசிஜி அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே என் ஜன்னலுக்கு வந்தார்.

“நமக்கு நெஞ்சுவலிக்கு மொதல்ல குடுக்குற மாத்திரை வேணும். எடுங்க.”

“பேஷண்ட்ட இங்கிட்டு அனுப்புங்க சிஸ்டர், சீட்டோட.”

“நமக்குத்தாங்க.”

“தெரியுது. எந்த நமக்கு?” என்றேன். எச்.ஐ.க்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. பிளெக்ஸ் ஏறிய நாளுக்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

சிஸ்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். நெற்றியிலிருந்து வேர்வை கொட்டியது.

“எனக்குத்தாங்க” என்றார்.

என் கையிலிருந்த மாத்திரை அட்டை கீழே விழுந்தது. அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. “நெஞ்சுவலி” என்று கத்தியிருந்தால்கூட அப்படிப் பயந்திருக்க மாட்டேன். எச்.ஐ.யின் சிரிப்பு அப்படியே நின்றது. சிஸ்டர் சாய்வதற்குள் மனிதர் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துவிட்டார்.

“வீல்சேர்! வீல்சேர் எங்கய்யா?”

வீல்சேர் என்னிடம்தான் இருந்தது. அதில் நான் மருந்துப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தேன். எச்.ஐ. பல கூட்டங்களில் அதைப் புகாராகச் சொல்லியிருக்கிறார். அவ்வளவு பெட்டியையும் ஒரே தள்ளாகத் தரையில் தள்ளினேன். அவர் பிடிக்க, நான் தள்ள, கதவிடுக்கில் என் விரல் நசுங்கியது. “டாக்டர்! சிஸ்டருக்கு! நம்ம சிஸ்டருக்கே!” என்று அவர் கத்திய கத்தல் மெயின் ரோடுவரை கேட்டிருக்கும்.

டாக்டரம்மா ஓடி வந்தார். லேப் டெக்னீஷியன் ஈசிஜி வயர்களை எடுத்துக் கொடுக்க, டாக்டரம்மாவே ஒட்டி எடுத்தார். காகிதம் வெளியே வர வர அவர் முகம் மாறியது. “ஆம்புலன்ஸ் சொல்லுங்க. மாத்திரை எங்கே?” மாத்திரைகளை நான் அதற்குள் ஓடிப்போய் எடுத்து வந்திருந்தேன். சீட்டு, டோக்கன் எதுவும் கேட்கவில்லை.

அதுவரை வராண்டாவைத் தாண்டி உள்ளே வராத கிராம செவிலியர்களில் இருவர் சேலையைச் செருகிக்கொண்டு வந்து நின்றார்கள். ஒருவர் கர்ப்பிணிகளை உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்க்கத் தொடங்கினார். இன்னொருவர், தூரத்து ஊர்க்காரர்களை முன்னால் கூப்பிட்டு வரிசையை மாற்றினார். ஆம்புலன்ஸ் வந்து ஸ்ட்ரெச்சரில் சிஸ்டரை ஏற்றும்போது, கூடப் போவதா, இத்தனை பெண்களை விட்டுவிட்டுப் போவதா என்று டாக்டரம்மா தவித்து நின்றார்.

“நீங்க போயிட்டு வாங்க டாக்டர். இங்கிட்டு நாங்க பாத்துக்கிறோம்” என்றார் மூத்த கிராம செவிலியர்.

ஆக்ஸிஜன் முகமூடிக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எல்லோரும் பதறிக் குனிந்தோம். சிஸ்டர் ஒரு விரலை மட்டும் தூக்கினார்.

“நாங்க... இல்ல. நாம.”

“சரி, சரி, நாம பாத்துக்கிறோம். வாய மூடிட்டுப் படுங்க சிஸ்டர்!” என்று திட்டிக்கொண்டே அந்த அம்மாள் அழுதுவிட்டார்.

டாக்டரம்மா ஆம்புலன்ஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டே புதுக்கோட்டைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். சொல்லவேண்டியது ஒன்று, வந்தது ஒன்று.

“ஹலோ, நமக்கு நெஞ்சுவலிங்க. ஈசிஜில தெளிவாத் தெரியுது. மாத்திரை குடுத்தாச்சு, ஆம்புலன்ஸ்ல கிளம்பிட்டோம்.”

அந்தப் பக்கத்து டாக்டரின் குரல் எங்களுக்கே கேட்டது. “டாக்டர், உங்களுக்கா? நீங்க ஏன் பேசறீங்க? முதல்ல படுங்க! போனைப் பக்கத்துல யார்கிட்டயாவது குடுங்க!”

“எனக்கில்லைங்க, நமக்கு!” என்று டாக்டரம்மா கத்தினார்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த சிஸ்டர், கண்ணை மூடியபடியே சிரித்தார். அந்த வலியிலும் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏற, வண்டி கிளம்பியது.

அன்று மாலை வரை வந்த பெண்களில் ஒருவரைக்கூட நாங்கள் திருப்பி அனுப்பவில்லை. பார்க்க வேண்டியதைக் கிராம செவிலியர்கள் பார்த்தார்கள். டாக்டர்தான் பார்க்க வேண்டும் என்றவர்களுக்குப் பக்கத்து நிலையத்து டாக்டரை எச்.ஐ. தன் பைக்கில் போய் அழைத்து வந்தார். பசியோடு இருந்தவர்களுக்கு டீ வேண்டியிருந்தது. இரண்டு பிளாஸ்க்கையும் காலி செய்தோம். எது யாருடையது என்று யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம் டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. அடைப்பை எடுத்துவிட்டார்களாம். சிஸ்டர் கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி, “நமக்கு இன்னைக்கு டோக்கன் எத்தன மணிக்கு முடிஞ்சுச்சு?”

எச்.ஐ. என் தோளில் முகத்தை வைத்து அழுதார். அந்த மீசை கழுத்தில் குத்திய குத்தல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

உடனே எல்லாம் பாலும் தேனுமாக மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டு வாட்ஸப் குழுக்களையும் ஒன்றாக்குவது என்று முடிவு செய்து, எந்தக் குழுவை மூடுவது என்பதில் சண்டை வந்து, இப்போது மூன்று குழுக்கள் இருக்கின்றன. ஆனால் செவ்வாய்க்கிழமை எந்த ஊர்க்காரர்கள் எப்போது வருவது என்று எச்.ஐ.யும் நானும் உட்கார்ந்து பேசி முறை வைத்துக்கொண்டோம். வராண்டாவில் யாரும் வயிற்றோடு காத்துக் கிடப்பதில்லை. வாசலில் புது பிளெக்ஸ் இருக்கிறது. எச்.ஐ.யின் இரண்டு காதும் முழு மீசையும் அதில் உண்டு. இந்த முறை ஓரத்தில் நான் பாதிதான் தெரிகிறேன். கடைக்குப் போட்டோ கொண்டுபோனது எச்.ஐ.

கலந்தாய்வு நாள் வந்தது. காலையிலிருந்தே யாருக்கும் வேலை ஓடவில்லை. வழக்கமான நேரத்துக்கு டாக்டரம்மாவின் ஸ்கூட்டர் உள்ளே வந்தது. எச்.ஐ. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “டாக்டர், இன்னைக்குல்ல கலந்தாய்வு? நீங்க போகலையா?” என்று கேட்டார்.

டாக்டரம்மா ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, “நாம போகலைங்க” என்றார்.

நம்ம சிஸ்டர் ஓய்வுபெற்று இப்போது கீரனூரில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் எனக்குக் கடுமையான காய்ச்சல். மூன்று வேளையும் மாத்திரை கொடுக்கிறவனுக்கு, தானே மாத்திரை விழுங்கிப் படுப்பது பெரிய அவமானம். பேச்சுக் கொடுக்க ஆளில்லாமல் போர்வைக்குள் கிடந்தேன். போன் அடித்தது. யார் சொன்னார்களோ தெரியவில்லை. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“ஏங்க, நமக்கு இப்ப எப்படி இருக்கு?”

‘எந்த நமக்கு?’ என்ற கேள்வி வாய் வரை வந்தது. கேட்கவில்லை. என் காய்ச்சலில் பாதியை அந்த அம்மாள் கீரனூரில் வாங்கிக்கொண்டு படுத்திருப்பது போல இருந்தது.

“நமக்கு இப்பத் தேவலைங்க சிஸ்டர்” என்றேன்.